பந்தை எறிந்து கொடுத்த கை

(தென்காசியில் விளையாட்டு ஆர்வலர்களும் பெற்றோர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளியே சாரல் விழுகிறது. ஐந்தருவிக்குப் போக வேண்டிய மாலையில் ஒரு சொற்பொழிவு கேட்க வந்திருக்கிறீர்கள். அந்தப் பொறுமையைச் சோதிப்பது பாவம். நேராகப் பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

நான் பேச வந்திருப்பது ஒரு தகப்பனாரைப் பற்றி. பிள்ளைக்கு விளையாட்டுச் சொல்லித் தந்த தகப்பனார். பிறகு பேரனுக்கும் சொல்லித் தந்த தாத்தா. அவர் பெயர் டி. கே. ராமநாதன்.

இந்தப் பெயரைக் கேட்டதும் எத்தனை பேருக்கு முகம் மலர்ந்தது? அதிகம் பேருக்கு இல்லை. சரி, வேறு பெயர் சொல்கிறேன். ராமநாதன் கிருஷ்ணன். இப்போது நரைத்த தலைகள் சில நிமிர்கின்றன. இன்னொரு பெயர்: ரமேஷ் கிருஷ்ணன். இப்போது நடுவயதுக்காரர்களும் நிமிர்கிறீர்கள். ஆமாம், டென்னிஸ் ஆடினார்களே, அப்பாவும் பிள்ளையும், அவர்கள்தான். அந்தக் குடும்பத்தின் வேர் இந்தத் தென்காசியில் இருக்கிறது. அந்த ராமநாதன் கிருஷ்ணனின் பெயரில் முன்னால் நிற்கிற ராமநாதன்தான் இன்றைய நம் பேச்சின் நாயகர்.

பிள்ளையைத் தெரியும், பேரனைத் தெரியும். சொல்லித் தந்தவரைத் தெரியாது. ஏன் தெரியாது? அதைத்தான் இன்று கேட்கப் போகிறேன்.

முதலில் அவர் வளர்த்த பயிரைப் பார்ப்போம்.

1951. சென்னை லயோலா கல்லூரியின் பெர்ட்ரம் கோப்பை. கல்லூரி மாணவர்கள் மட்டுமே ஆடும் போட்டி. பள்ளிச் சிறுவன் ஒருவனுக்குக் கல்லூரி முதல்வர் தனி அனுமதி கொடுக்கிறார். அந்தச் சிறுவன் வந்தான், ஆடினான், தன்னைவிட வயதில் மூத்த இளைஞர்களை வென்று கோப்பையை வாங்கிப் போனான். அவன்தான் கிருஷ்ணன். 

1953. விம்பிள்டன் சிறுவர் பிரிவில் இறுதிப் போட்டிவரை போய்த் தோற்றான். 1954. மறுபடி போனான். இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்றான். விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் என்ற பெயர் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்தது. தோற்ற கூப்பர் சாதாரண ஆள் இல்லை. நான்கே ஆண்டுகளில், 1958-இல், பெரியவர்கள் பிரிவில் விம்பிள்டன் வாகை சூடியவர்.

1960. பெரியவர்கள் பிரிவில் கிருஷ்ணன் அரையிறுதி. நீல் ஃப்ரேசரிடம் தோல்வி. அந்த ஆண்டின் வாகையர் அதே ஃப்ரேசர். 1961. கால் இறுதியில் ராய் எமர்சனை ஒரு செட்கூட விட்டுக்கொடுக்காமல் வென்று மறுபடியும் அரையிறுதி. இம்முறை ராட் லேவரிடம் தோல்வி. அந்த ஆண்டின் வாகையர் அதே லேவர். இரண்டு முறையும் அவரை வீழ்த்த வேண்டுமானால் அந்த ஆண்டின் வாகையரே வர வேண்டியிருந்தது.

பேரனின் கதைக்கு வருவோம். 1979. அதே விம்பிள்டன். அதே சிறுவர் பிரிவு. ரமேஷ் கிருஷ்ணன் வென்றார். அப்பா வென்று சரியாக 25 ஆண்டுகள். அதே ஆண்டில் பிரெஞ்சு ஓபன் சிறுவர் பட்டமும் அவருக்குத்தான். பின்னாளில் அமெரிக்க ஓபனில் இரண்டு முறையும் விம்பிள்டனில் ஒரு முறையும் கால் இறுதி கண்டார். 1989-இல் ஆஸ்திரேலிய ஓபனில், உலகின் முதல் நிலை வீரராகவும் முந்தைய ஆண்டின் வாகையராகவும் இருந்த மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தினார்.

இன்னொரு கணக்கு சொல்கிறேன், கேளுங்கள். நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் இந்தியா இறுதிக்கு வந்தது மூன்றே முறை. 1966, 1974, 1987. 1966-இல் களத்தில் நின்று அணியைத் தாங்கியவர் யார்? கிருஷ்ணன். 1974-இல் ஆடாத தலைவராக இருந்து வழிநடத்தியவர் யார்? கிருஷ்ணன். நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று இந்தியா கோப்பையையே விட்டுக்கொடுத்த ஆண்டு அது. 1987-இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவை எதிர்த்த அரையிறுதியில், முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் வாலி மசூரை வென்று இந்தியாவை இறுதிக்கு அழைத்துச் சென்றவர் யார்? ரமேஷ் கிருஷ்ணன். மூன்று இறுதிகள். மூன்றிலும் ஒரே குடும்பம். அந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே ஆசான்.

இப்போது சொல்லுங்கள், அந்த ஆசானை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா?

டி. கே. ராமநாதன் தாமே நல்ல ஆட்டக்காரர். நாகபுரியில் இருந்து ஆடிய மூத்த வீரர் என்று டென்னிஸ் வரலாறு அவரைக் குறிக்கிறது. குறித்துவிட்டு அடுத்த வரியில் பிள்ளையிடம் போய்விடுகிறது. ஒரு வரிதான். அதற்கு மேல் யாரும் எழுதவில்லை என்றால் அவரை நாம் எங்கே போய்த் தேடுவது?

நான் சொல்கிறேன். அவருடைய பிள்ளையின் ஆட்டத்தில் தேடுங்கள். பேரனின் ஆட்டத்தில் தேடுங்கள்.

கிருஷ்ணனின் சர்வீஸ் யாரையும் பயமுறுத்தியதில்லை. ரமேஷின் சர்வீஸோ இன்னும் மெதுவானது. அவரோடு ஆடியவர்களே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள், ஆட்டம் முடிந்ததும் சிரிப்பை நிறுத்தியிருக்கிறார்கள். இருவரிடமும் இருந்தது கை நேர்த்தி. பந்தை எங்கே வைக்க வேண்டும், எப்போது வைக்க வேண்டும் என்கிற கணக்கு. குற்றாலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேரருவியின் வேகத்தோடு மல்லுக்கு நிற்கிறவன் சறுக்கி விழுவான். தலையைச் சாய்த்துத் தோளில் நீரை வாங்கத் தெரிந்தவன் ஒரு மணி நேரம் நிற்பான். எதிராளியின் வேகத்தையே வாங்கி அவனுக்குத் திருப்பித் தருகிற ஆட்டம் இவர்களுடையது.

ஒருவரிடம் மட்டும் இருந்தால் அதைப் பிறவிக் குணம் என்று சொல்லிவிடலாம். இரண்டு தலைமுறையில், மட்டை மாறி, களம் மாறி, டென்னிஸின் போக்கே மாறிய பிறகும் அதே நேர்த்தி வந்தால் அது சொல்லித் தந்த கையின் அடையாளம். மரமட்டைக் காலத்தில் அப்பா ஆடினார். உலோக மட்டைகளும் கிராஃபைட் மட்டைகளும் வந்து எல்லோரும் ஓங்கி அடிக்கத் தொடங்கிய காலத்தில் மகன் ஆடினார். ஆட்டத்தின் அடிநாதம் மட்டும் மாறவே இல்லை. ராமநாதனைப் பற்றிப் பத்திரிகை எழுதாமல் விட்டதை அந்த இரண்டு பேரின் கைகளும் எழுதிவிட்டன.

அவர் கற்பித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். டென்னிஸ் அன்று யாருடைய விளையாட்டு? அதிகாரிகளுடைய விளையாட்டு. கிளப்புகளுக்குள் வெள்ளுடை போட்டவர்கள் ஆடுவார்கள். நம் வீட்டுப் பையன்கள் வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடுவார்கள். தென்னாட்டில் செம்மண்ணும் சாணம் மெழுகிய தரையும்தான் பல இடங்களில் ஆடுகளம். மழை பெய்தால் காய வேண்டும். காய்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். உருளை இழுக்க வேண்டும், சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். ஒரு மணி நேரம் ஆட இரண்டு மணி நேரம் மண்ணோடு உழைக்க வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தென்காசிக் குடும்பத்துத் தகப்பனார், தம் பிள்ளை விம்பிள்டனில் ஆடலாம் என்று நினைத்தாரே, அந்த நினைப்புக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஆனால் நண்பர்களே, துணிச்சல் மட்டும் இருந்தால் போதுமா? துணிச்சல் உள்ள தகப்பன்மார் உலகத்தில் நிறைய உண்டு. அவர்கள் எல்லோரும் பிள்ளையை வாழவைத்துவிட்டார்களா?

அமெரிக்காவின் ஆண்ட்ரே அகாசியைப் பாருங்கள். அவருடைய அப்பா மைக் அகாசி ஒலிம்பிக்கில் ஈரானுக்காகக் குத்துச்சண்டை போட்டவர். பந்து வீசும் எந்திரம் ஒன்றை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, சின்னப் பிள்ளையை ஓயாமல் அடிக்க வைத்தவர். பலன் கிடைத்ததா? கிடைத்தது. மகன் உலகின் முதல் நிலை வீரரானார். ஆனால் 2009-இல் அந்த மகன் தன் வரலாற்றை எழுதியபோது என்ன சொன்னார்? டென்னிஸை உள்ளூர வெறுத்தேன் என்று சொன்னார். பட்டங்கள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. வெறுப்பும் நெஞ்சில் இருக்கிறது. அந்தக் கணக்கை யார் நேர் செய்வது?

ராமநாதன் வீட்டைப் பாருங்கள். சொல்லித் தரப்பட்ட பிள்ளை வளர்ந்தார், உலகம் சுற்றினார், புகழ் பெற்றார். பெற்ற பிறகு தம் பிள்ளையை என்ன செய்தார்? இந்தச் சங்கடமே வேண்டாம் என்று தள்ளி வைத்தாரா? இல்லை. அதே மட்டையைத் தம் மகன் கையிலும் கொடுத்தார். தமக்குச் சொல்லித் தந்த அதே தகப்பனாரிடம் மகனையும் நிறுத்தினார். பின்னர் அப்பாவும் மகனுமாகச் சென்னையில் கிருஷ்ணன் டென்னிஸ் மையம் நடத்தி ஊரார் பிள்ளைகளுக்கும் சொல்லித் தந்தார்கள்.

பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கும் தகப்பனுக்கு நான் வைக்கிற பரீட்சை இதுதான். பதக்கம் எத்தனை என்று கேட்க மாட்டேன். நீங்கள் சொல்லித் தந்ததை உங்கள் பிள்ளை தன் பிள்ளைக்கு மனமுவந்து சொல்லித் தருகிறதா? தந்தால் நீங்கள் நல்ல ஆசான். நல்ல தகப்பனும்கூட. ராமநாதன் அந்தப் பரீட்சையில் தேறியவர்.

தகப்பன் வேறு, ஆசான் வேறு. ஆசான் பிழையைப் பார்க்க வேண்டியவர். தகப்பன் பிள்ளையைப் பார்க்க வேண்டியவர். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் களத்தில் கண்ட பிழை வீட்டுக்குள்ளும் பின்னாலேயே வரும். சோற்றுத் தட்டுக்கு முன்னால் வந்து உட்காரும். ‘அந்தப் பந்தை ஏன் விட்டே?’ என்று கேட்கும். பிள்ளைக்குச் சோறு இறங்குமா? இங்கே இருக்கிற அப்பாமார்களே, தோற்றுவிட்டு வீட்டுக்கு வருகிற பிள்ளையிடம் உங்கள் முதல் கேள்வி ‘சாப்பிட்டியா?’ என்பதாக இருக்கட்டும். பந்தைப் பற்றி நாளைக்குக் காலையில் களத்தில் பேசிக்கொள்ளலாம். பந்து எங்கும் ஓடிவிடாது.

பொறுமை ஒன்றுதான் வீட்டிலும் களத்திலும் ஒருசேரக் கற்பிக்கக்கூடிய பாடம். அதற்குச் சாட்சி வேண்டுமா? 1966, கல்கத்தா சவுத் கிளப். இந்தியாவும் பிரேசிலும் மோதுகின்றன. கடைசி ஆட்டம். கிருஷ்ணனுக்கு எதிரே தாமஸ் கோக். இரண்டு செட் அவருக்கு, ஒன்று நமக்கு. நான்காவது செட்டில் 5-2 என்று கோக் முன்னால் நிற்கிறார். இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் இந்தியா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கூட்டத்தில் பலர் எழுந்து நடக்கத் தொடங்கக்கூடிய நேரம். கிருஷ்ணன் ஓங்கி அடிக்கவில்லை. பதறவில்லை. ஒரு பந்து, இன்னொரு பந்து, இன்னொரு பந்து என்று திருப்பி வைத்துக்கொண்டே இருந்தார். 5-2 என்பது 5-5 ஆயிற்று. 7-5 என்று செட் நம் பக்கம் வந்தது. ஐந்தாவது செட் 6-2. இந்தியா முதல் முறையாக டேவிஸ் கோப்பையின் கடைசிச் சுற்றுக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 எனத் தோற்றோம். அந்த ஒன்றும், நியூகோம்ப், ரோச் என்ற பெரும் இணையை எதிர்த்து கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் எடுத்த ஒன்று.

பணத்தின் முன்னாலும் அந்தப் பொறுமை நின்றது. ஜாக் கிரேமர் என்பவர் அன்று பெரிய ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு எடுத்து ஊர் ஊராக ஆட்டம் நடத்தியவர். அவர் கிருஷ்ணனை அழைத்தார். மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றரை லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். அந்தக் காலத்தில் ஒன்றரை லட்சம் டாலர்! சரி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த நாளில் விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. கிருஷ்ணன் வேண்டாம் என்றார். அதனால்தான் 1966 நமக்குக் கிடைத்தது.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். சொல்லித் தந்தவரை நமக்கு ஏன் தெரியவில்லை?

நம் நாடே அப்படித்தான் பழகியிருக்கிறது. 1961-இல் அர்ஜுனா விருது தொடங்கியது. அந்த முதல் ஆண்டிலேயே கிருஷ்ணன் பெற்றார். ஆடுகிறவனுக்கு விருது வந்துவிட்டது. சொல்லித் தருகிறவனுக்கு? துரோணாச்சாரியார் விருது 1985-இல்தான் வந்தது. அர்ஜுனன் விருது வாங்கி 24 ஆண்டுகள் கழித்துத்தான் துரோணருக்கு நாற்காலி போட்டோம்! அந்த முதல் ஆண்டு விருதாளர்களில் ஒருவர் பி. டி. உஷாவை ஆளாக்கிய நம்பியார்.

மகாபாரதத்துத் துரோணராவது அரண்மனைச் சம்பளக்காரர். நான் பேசிக்கொண்டிருப்பது சம்பளம் இல்லாத துரோணர்களைப் பற்றி. கட்டைவிரலும் கேட்காத துரோணர்களைப் பற்றி. அவர்களுக்கு விருதுப் பட்டியலில் இடமில்லை. வீட்டுக்காரர் என்பதால் பயிற்சியாளர் கணக்கில் வர மாட்டார்கள். ஊர்க்காரர் என்பதால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

அவர்கள் அப்பாக்கள் மட்டும்தானா? விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கக் காய் நகர்த்தச் சொல்லித் தந்தவர் அவருடைய அம்மா சுசீலா. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக வாகையரானார். அவருடைய அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். தம் மருத்துவத் தொழிலை ஓரம் வைத்துவிட்டு மகனோடு நாடு நாடாகப் போனவர். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனைப் பாருங்கள். ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் அறிமுகமானவர். அவருடைய சட்டையின் முதுகில் என்ன எழுதியிருந்தது? ‘ஜேபி நட்டு’. அந்த ஜேபி, ஊரில் அவருக்குக் கைகொடுத்து வழிகாட்டிய ஜெயப்பிரகாஷ். தன் பெயருக்கு முன்னால் ஆசானின் பெயரைப் போட்டுக்கொண்டு ஆடினார் அந்தப் பிள்ளை. பின்னர் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானமும் கட்டினார். நன்றி சொல்வது என்றால் இப்படிச் சொல்ல வேண்டும்.

இதைத் தென்காசியில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இதோ நம் காசி விசுவநாதர் கோயில். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டினான். கட்டிய மன்னர்கள் வழக்கமாகத் தங்கள் பெருமையைத்தான் கல்லில் வெட்டுவார்கள். இவன் என்ன வெட்டினான்? இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதேனும் குறை நேர்ந்தால் அதைச் சரி செய்யப் போகிறவர்களின் பாதத்தில் நான் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று வெட்டினான். பெயர் தெரியாதவர்கள். இன்னும் பிறக்காதவர்கள். அவர்களை வணங்கினான் ஒரு மன்னன். இடிந்து கிடந்த கோபுரம் 1990-இல் மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டபோது, அவன் வணக்கத்துக்கு உரியவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

வரப்போகிறவர்களையே வணங்கிய ஊர் இது. இருந்து போனவர்களை மறக்கலாமா?

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் வந்தால் அலுவலகம் வரும், கட்டடம் வரும். நம் விளையாட்டின் வரலாறு தானாக வருமா? அதை நாம்தான் எழுத வேண்டும். விடியற்காலையில் விசில் ஊதிப் பையன்களை எழுப்பி ஓடவிட்ட உடற்கல்வி ஆசிரியர்கள் இருந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்து கபடிக் களத்துக்குத் தண்ணீர் தெளித்தவர்கள் இருந்தார்கள். கோயில் கொடை இரவுகளில் மின்விளக்குப் போட்டுக் கைப்பந்துப் போட்டி நடத்தியவர்கள் இருந்தார்கள். பெண் பிள்ளைகள் அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதா என்று கேட்ட ஊரில், ‘என் மகள் ஓடுவாள்’ என்று சொன்ன அப்பாமார்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எங்கே? எந்தப் பலகையில்? எந்த மலரில்?

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைத்துவிட்டு விடைபெறுகிறேன்.

ஒன்று. உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித் தந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் போய் உட்காருங்கள். கேளுங்கள், எழுதுங்கள், படம் எடுத்து வையுங்கள். ராமநாதனுக்குக் கிடைத்த அந்த ஒற்றை வரிகூட அவர்களுக்குக் கிடைக்காமல் போய்விடக் கூடாது.

இரண்டு. போட்டிகளில் பரிசு கொடுக்கும்போது ஜெயித்த பிள்ளையின் பெயரோடு சொல்லித் தந்தவரின் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். கோப்பையிலும் பொறியுங்கள். அதற்குத் தனிச் செலவு ஒன்றும் இல்லை.

மூன்று. இது முன்வரிசைப் பிள்ளைகளுக்கு. இன்று இரவு வீட்டுக்குப் போனதும், உங்களைக் காலையில் எழுப்பி மைதானத்துக்கு அனுப்புகிறவர் யாரோ, அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ அண்ணனோ, அவரிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். நாளைக்குக் காலையில் அவர் எழுப்புவதற்கு முன்னால் நீங்களே எழுந்து நில்லுங்கள்.